வேலிக்கு வெளியே வாத்து

குளக்கரையில் புதுச் சட்டம் வந்திருந்தது. குஞ்சுகளின் பாதுகாப்புக்காக, அவை விளையாடும் இடத்தில் பெரியவர்கள் நுழையக் கூடாது. காவலுக்கு ஆமை நின்றது.

நாலு குஞ்சுகளோடு வந்த வாத்தை அது மறித்தது. "குஞ்சுங்க மட்டும் உள்ளே போகட்டும்."

"நான் இதுங்களோட அம்மாங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"என் பின்னாலேயே வருதுங்களே!"

"அதுதான் சந்தேகமா இருக்கு."

வாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்து வேலிக்கு வெளியே போய் நின்றது.

உள்ளே குஞ்சுகள் கத்தித் தீர்த்தன. ஆமை தலையை உள்ளே இழுத்து இழுத்து வேடிக்கை காட்டியது. அழுகை கூடியதுதான் மிச்சம். அது அலுத்துப்போய் வேலியோரம் வந்தது.

"ஏம்மா, இதுங்களைச் சமாதானப்படுத்தத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

வாத்து தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது.