ஒன்பதாவது சுவர்

ஒட்டிப் பத்தொன்பது நாள் ஆன 'காணவில்லை' சுவரொட்டியை, ஒட்டிய அக்காவே தண்ணீர் தெளித்து ஒரு தகரத் துண்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். பதினோரு சுவர்களில் இது ஒன்பதாவது. தம்பியின் முகம் தனியாக வரவில்லை. அதோடு போன வருடத்துச் செல்ஃபோன் விளம்பரமும், அதற்கடியில் சோப்பு விளம்பரமும், அதற்கும் அடியில் ஒரு சர்க்கஸ் யானையின் காதும் சேர்ந்து பெயர்கின்றன. கடைசியில் சுண்ணாம்பின் மேல், யாரோ எப்போதோ நீலத்தில் எழுதிய 'பல்பொடி' தெரிகிறது. சுவரொட்டி ஒட்டுபவர் சைக்கிளை நிறுத்திப் பசை வாளியை இறக்குகிறார். "நான் கிண்டிக் குடுத்த பசைம்மா அது. சுவரே பேந்து வந்தாலும் வரும், பேப்பர் வராது." அவர் சிரிக்கிறார், அவள் சிரிக்கவில்லை. "எம்மேல கோவமா? உன் தம்பி மேல நான் எதையும் ஒட்டலையே. இந்த இடத்த உனக்குன்னே விட்டு வெச்சிருக்கேன்." அவள் கைப்பேசி ஒலிக்கிறது; ஈரக் கையால் ஸ்பீக்கரில் போடுகிறாள். அம்மா. சுவரொட்டியில் இருப்பதும் அம்மாவின் எண்தான். "யாரோ கூப்பிட்டாங்கடி, அவன பஸ் ஸ்டாண்டுல பாத்தாங்களாம். நான் கெளம்பிட்டேன்." "போகாதம்மா" என்பதற்குள் அம்மா வைத்துவிடுகிறாள். அவள் தகரத்தை அழுத்துகிறாள். படத்தில் தம்பியின் தாடை கிழிந்து வருகிறது; எண் மட்டும் ஈரத்தில் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. "நல்ல சேதி வர்ற நேரத்துல ஏம்மா கிழிக்கிற?" என்கிறார் அவர். அவள் சுவரைப் பார்த்தபடியே சொல்கிறாள்: "அம்மாகிட்ட சொல்ல வாய் வரலண்ணே. நேத்து மார்ச்சுவரியில அவன நான்தான் அடையாளம் காட்டினேன்."