இன்னொரு இமயவரம்பன்

பகல் மூன்று மணிக்குள் பிரஜினுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். இமயவரம்பன் என்ற பெயரில் திருவனந்தபுரத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா? அது தெரியாமல் திரும்பினால் அவன் மானம் போய்விடும்.

தம்பானூர் பிரௌசிங் சென்டரில், கடைக்காரி ஷிஜா அவனுக்காகத் தட்டிப் பார்த்தாள்.

“அர்த்தம், இமயமலையையே எல்லையாக் கொண்டவன். பூர்வீகம், சேர ராஜா பட்டம். இந்தப் பேரு உள்ளவங்க, பூஜ்யம். கொள்ளாம் சேட்டா, நல்ல பேரு! தைரியமா வைங்க.”

பிரஜினின் முகம் தொங்கிப்போனது. “ஒருத்தன்கூடவா இல்ல? நல்லாப் பாருங்கக்கா.”

“எல்லா அப்பாமாரும் யாருக்கும் இல்லாத பேருதான் கேப்பாங்க. நீங்க என்ன, கிடைச்சதும் அழப் போறீங்க?”

“மணி ரெண்டாச்சுக்கா. உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது?”

ஷிஜா தயங்கினாள். “உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லல. எங்க வீட்டுக்காரர் பேரே அதுதான். சாலைக் கடைத்தெருவுல லோடு இறக்குறாரு.”

பிரஜின் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். “இருபத்தொரு வயசு முடிஞ்சிருக்கா? கார்ப்பரேஷன்ல ஓட்டு இருக்கா?”

“ரெண்டும் உண்டு. உங்க குழந்தைக்குப் பேரு வைக்க அதெல்லாம் எதுக்கு?”

“எந்தக் குழந்தை? எனக்குக் கல்யாணமே ஆகலக்கா!” மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டிய வேட்புமனுப் படிவத்தை பிரஜின் பையிலிருந்து உருவினான். “இமயவரம்பன், எதிர்க்கட்சி வேட்பாளர். எங்க வேட்பாளர் ஷிபு அண்ணன் ஓட்டைப் பிரிக்க அவங்க மூணு ஷிபுவை நிறுத்தியாச்சு. நாங்க ஒரு இமயவரம்பனையாவது நிறுத்த வேண்டாமா?”