கரடிக்குக் குரல்

பஸ் கண்டக்டர் வேலை முடிந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் மகளருகே உட்காருகிறாள். குழந்தை தலை நிமிரவில்லை. சன்னல் வெயில் பாதி விழுந்த சோபாவில் டேப்லெட் சாய்ந்திருக்கிறது. திரையில் தொட்டால் தவளை டிரம் அடிக்கிறது, வாத்து குழல் ஊதுகிறது. கரடிக்கு மட்டும் நாமே பாடிப் பதிந்து குரல் கொடுக்கலாம்; நாத்தனார் தன் குரலைக் கொடுத்திருக்கிறாள். பிஞ்சு விரல் பட்டதும் கரடி வாயைத் திறந்து, "என் செல்லம் யாரு? அத்தை செல்லம்!" என்று ராகம் இழுக்கிறது. குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது.

"காலையிலிருந்து இதே பாட்டுதான் அண்ணி. இது இல்லாம ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறா," என்று துணி மடித்தபடி நாத்தனார் பூரிக்கிறாள். "அப்படியா," என்கிறாள் இவள், பல்லைக் கடித்துக்கொண்டு. மடித்த துணியோடு நாத்தனார் உள்ளே போனதுதான் தாமதம், கரடியின் தலைமேல் இருக்கும், குரலைப் பதியும் சிவப்புப் பொட்டை அழுத்திப் பிடித்து, "என் செல்லம் யாரு? அம்மா செல்லம்!" என்று, பயணிகளை உள்ளே தள்ளிப் போகச் சொல்லும் அதே குரலில் பாடுகிறாள். நாத்தனாரின் பாட்டு இருந்த இடம் தெரியாமல் அழிகிறது. பக்கத்தில் பாடுவது யாரென்று குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அது கரடியைத் தொடுகிறது. கேட்டதும் கண்கள் விரிகின்றன. "அம்மா!" என்று கத்தி, எச்சில் வழியத் திரைக்கு முத்தம் கொடுக்கிறது.

"அம்மா இங்க இருக்கேன்டி, வா," என்று இவள் கையை நீட்டுகிறாள். கரடியை மறைக்கும் அந்தக் கையைக் குழந்தை தள்ளிவிடுகிறது.