விசில் வராத குக்கர்

மகள் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக்கூடாதென்று நான்கு வருடங்களுக்கு முன் உத்தரவு போட்டவர் ஸ்தனிஸ்லாஸ். இன்று மாலை அவள் கணவனோடு விருந்துக்கு வருவதாக மனைவி பிலோமினா சொன்னதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். மிளகும் பூண்டும் தடவிய வான்கோழி நெஞ்சுக்கறி காலையிலேயே புது ஸ்லோ குக்கருக்குள் போயிருந்தது. விசிலை எண்ணியே பழகிய மனிதர், மதியமாகியும் ஒன்றுகூடக் கேட்காததால் பொறுக்கமுடியாமல் வெளியே வந்தார்.

“கேஸ் தீந்துபோச்சா?”

“இது கரண்டுல வேகுதுங்க. விசிலே வராது. சாயங்காலம் வரைக்கும் சத்தமில்லாம உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டிருக்கும்.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடி மூடிக்கு உள்ளே நீர்த்துளிகள் கோத்துக் கோத்து விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு, வெந்துவிட்டதா என்று பார்க்க பிலோமினா மூடியில் கை வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் சட்டென்று தடுத்தார்.

“திறக்காத. செசிலி வந்து திறக்கட்டும்.”