பெரிய எழுத்தில் செல்லத்தாய்

"இந்தாங்க தம்பி, இதுல யாரோ கை வச்சிருக்காக! சத்தியமாச் சொல்றேன்!"

மாயக்காள் போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பால்பாண்டி திடுக்கிட்டுப் போனான். மதுரைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மேலமாசி வீதி மாடியில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று அவன் போர்டு மாட்டிய நாளிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை.

"என்னம்மா ஆச்சு? நாளைக்குச் சபையில வைக்க இன்னொரு காப்பி வேணும்னீங்க. அதத்தான எடுக்கப் போறேன்."

"அந்தப் பேரைப் பாருங்க. போன வாரம் எம்மக பேரை நீங்க இங்கிலீசுல தட்டுனப்ப அம்புட்டும் சின்ன எழுத்து. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, எங்கண்ணால பாத்தேன். இப்ப எல்லாம் பெரிய எழுத்தால்ல நிக்குது!"

திரையில் பெயர்ப்பட்டியல் பச்சை நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாப் பேரும் பெரிய எழுத்துலதானம்மா இருக்கு."

"ஒண்ண மட்டும் மாத்துனா மாட்டிக்கிருவோம்னு எல்லாத்தையும் மாத்தியிருப்பா. எங்க நாத்தனாரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது!"

நாத்தனார் ஒச்சாயியைச் சந்தேகப்பட மாயக்காளுக்குக் காரணம் இருந்தது. ஒச்சாயியின் மகன் காளை, மாயக்காளின் மகள் செல்லத்தாய்க்கு முறை மாப்பிள்ளை. சீட்டாட்டம், சேவற்சண்டை என்று ஊரைச் சுற்றுகிறவன். அவனுக்குக் கொடுப்பதற்குப் பதில் மகளைக் கிணற்றில் தள்ளிவிடலாம் என்பது மாயக்காளின் கட்சி. கணவர் விருமாண்டிக்கோ தங்கச்சி சொல்தான் வேதம்.

மாயக்காள் பார்த்து வைத்திருந்த வில்லாபுரத்து மாப்பிள்ளைக்கு மின்சார வாரியத்தில் வேலை. போன வாரம் இரண்டு வீட்டாரும் இங்கே வந்து விவரம் கொடுத்தார்கள். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று இந்தப் பெட்டி அடித்துக் கொடுத்த காகிதத்தைப் பார்த்த பிறகுதான் விருமாண்டியே கொஞ்சம் இறங்கி வந்தார். நாளைக்குப் பூ வைக்க வருகிறார்கள். இந்த நேரத்தில் ஜாதகத்தில் ஒரு குளறுபடி என்றால் போச்சு, செல்லத்தாய்க்குத் தாலி கட்டப் போவது காளைதான்.

"உண்மையச் சொல்லுங்க தம்பி. ரெண்டு மூக்குலயும் மூக்குத்தி போட்ட பொம்பள ஒருத்தி இங்க வந்தாளா?"

"அப்படி யாரும் வரலம்மா. வந்தாலும் என்னையத் தவிர இதை யாரும் தொட முடியாது."

"நீங்க தொடலாமுல்ல?"

பால்பாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் கடை வைத்திருப்பவன் கோபப்பட முடியுமா?

"சரி, உங்க பேரையே சின்ன எழுத்துல தட்டுறேன். என்ன நடக்குதுன்னு நீங்களே பாருங்க."

மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கண்காணித்தாள் மாயக்காள். எல்லாம் சின்ன எழுத்துதான். பதிவு செய்துவிட்டு அவன் மறுபடி பட்டியலைக் கேட்டான். அவள் பெயர் பெரிய எழுத்தில் வந்து நின்றது.

"பாத்தீங்களா? இது இந்த மிசினோட குணம். நாம எப்படித் தட்டுனாலும் பட்டியல்ல பேரைப் பெரிய எழுத்தாத்தான் காட்டும். உள்ள இருக்கிறதைத் தொடாது."

"கேக்காமக் கொள்ளாமப் பேரை மாத்துற மிசினு, உள்ள இருக்கிறத மட்டும் சும்மா விடுமாக்கும்? தொறந்து வாசிங்க. பொறந்த நேரத்தை மட்டும் வாசிங்க, போதும்."

"காலை ஒன்பதே கால்."

"இன்னொருக்கா."

"ஒன்பதே கால்தாம்மா! நீங்க சொன்னது சொன்னபடியே இருக்கு."

மாயக்காள் நெஞ்சில் கை வைத்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. வீணாக ஒச்சாயியைத் திட்டிவிட்டோமே என்று ஒரு நிமிஷம் வெட்கமாகக்கூட இருந்தது. புதுக் காப்பியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிராதீக தம்பி. பொட்டப் பிள்ளையப் பெத்த வயிறு, பதறத்தான செய்யும். வாரேன்."

"கோவிக்க என்னம்மா இருக்கு?" பால்பாண்டி சிரித்தான். "நேத்து வில்லாபுரத்துல இருந்து மாப்பிள்ளையோட அம்மா வந்து இதே சண்டைதான், மகன் பேரு பெரிய எழுத்துல இருக்குன்னு. அவுகளும் பொறந்த நேரத்தை மட்டும்தான் வாசிக்கச் சொன்னாக. மாறலைன்னு தெரிஞ்சதும் உங்கள மாதிரியே நெஞ்சுல கை வச்சுப் பெருமூச்சு விட்டுட்டுப் போனாக."

படியிறங்கப் போன மாயக்காள் அப்படியே நின்றுவிட்டாள். மகளின் செவ்வாய் தோஷத்தை மறைப்பதற்காக, விடியுமுன் பிறந்தவளை ஒன்பதே காலுக்குப் பிறந்தவளாக மாற்றிச் சொன்னவளுக்கு, அந்தப் பெருமூச்சின் அர்த்தம் விளங்காமல் போகுமா!