இருபது மீட்டர் ரெக்சின்

"வீட்டுக்காரர் சொந்தமா ஒரு குட்டி விமானம் செஞ்சு வெச்சிருக்கார். அதுக்குத் தூசி உறை தைக்கணும். எந்தத் துணி நல்லது?"

துணிக்கடைக்காரர் சிரிக்காமல் யோசித்தார். "காட்டன் கான்வாஸ் எடுங்கம்மா. ரெக்சின் மட்டும் வேண்டாம். மழைக்காலத்துல உள்ளே வேர்த்து, கம்பியெல்லாம் துருப்பிடிச்சிடும்."

"ரெக்சினே இருபது மீட்டர் கொடுங்க," என்றாள்.

விமானம் பறக்கும் முன் அரசுப் பரிசோதகர் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். துருவைக் கண்டால் பறக்க அனுமதி தரமாட்டார். கணவன் தரையிலேயே உயிரோடு கிடப்பான். இதைவிட மலிவான ஆயுள் காப்பீடு எந்த ஊரில் கிடைக்கும்?

மழைக்காலம் முழுக்க விமானம் உறைக்குள் வேர்த்தது. "தைச்சா உன்னை மாதிரி தைக்கணும்டி. ஒரு பொட்டுத் தூசி இல்ல!" என்று கணவன் உருகினான்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்திலிருந்து போன் செய்தான்.

"என்னங்க, குரல்ல இவ்வளவு குஷி? பரிசோதகர் வந்துட்டாரா?"

"அவரா? நீ உறை தைக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டாரே! சொன்னா நீ பயப்படுவியேன்னு மறைச்சேன். மொட்டைமாடிக்கு வா, வீட்டு மேலதான் பறக்கப் போறேன்!"

"ஐயோ, இறங்குங்க! கம்பியெல்லாம் துரு…"

"சத்தமாச் சொல்லுடி! எஞ்சின் போட்டாச்சு, ஒண்ணுமே கேக்கல!"