எட்டு நிமிட விமானம்

விமானம் கிளம்பப் போகிற நேரத்தில் நிலைய அதிகாரி உள்ளே தலையை நீட்டினார். மூச்சுத் திணறுகிற கைக்குழந்தையோடு ஒருத்தி வந்திருக்கிறாள், தலைநகர் ஆஸ்பத்திரிக்கு உடனே போயாக வேண்டும், யாராவது ஒருவர் இறங்கிப் படகில் வர முடியுமா என்று கேட்டார்.

ஏயுவா தீவிலிருந்து, தொங்கா நாட்டின் தலைநகர் இருக்கும் பெரிய தீவுக்கு விமானத்தில் எட்டு நிமிடம். படகில் மூன்று மணி நேரம், குடலைப் புரட்டும் அலை.

யாரும் அசையவில்லை.

உள்ளே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தள்ளாதவர்கள். திடமாக இருந்தது இரண்டே பேர். ஒன்று, பள்ளிக்கூட டீச்சர் கலோலைனி. இன்னொன்று, மரத்தோட்டத்தில் வேலை பார்க்கும் ஹலாஃபிஹி.

கலோலைனி போவது தங்கையின் பிறந்தநாள் விருந்துக்கு. படகை நினைத்தாலே அவளுக்கு வாந்தி வரும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். ஹலாஃபிஹி எழுவதாகத் தெரியவில்லை. சேற்றுப் பூட்ஸைக்கூட மாற்றாமல், தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஏம்ப்பா, காது கேக்கலையா? பச்சப்புள்ள மூச்சு விட முடியாம கிடக்கு. இந்த உடம்ப வச்சுக்கிட்டு நீ படகுல போனா, அலைதான் உன்னப் பாத்துப் பயப்படும்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வெளியே குழந்தையின் இழுப்புச் சத்தம் கேட்டது. அப்படியே எழுந்து இறங்கிப் போனான்.

"சில பேருக்குச் சொன்னாத்தான் உறைக்குது" என்று கலோலைனி குழந்தையின் தாய்க்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

அக்கரையில் ஆம்புலன்ஸ் வந்து குழந்தையை ஏற்றிக்கொண்டு போயிற்று. நிம்மதியாக வெளியே வந்தவளை, கறுப்பு உடுத்தி, அந்த ஊர் வழக்கப்படி இடுப்பில் துக்கப் பாய் சுற்றியிருந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார்.

"டீச்சர் நீங்கதானேம்மா? நான் ஹலாஃபிஹியோட தாய்மாமன்."

ஹலாஃபிஹியின் அம்மா இறந்துவிட்டாளாம். காட்டுக்குள் மரம் வெட்டப் போயிருந்தவனுக்கு இன்று காலையில்தான் சேதி எட்டியதாம். மதியம் அடக்கம். ஒரே மகன் முகம் பார்க்கட்டும் என்று பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்களாம். இப்போது போன் பண்ணி, காத்திருக்க வேண்டாம், மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டானாம்.

கலோலைனிக்கு முகம் எரிந்தது.

"அவரு... ஒரு வார்த்தை சொல்லலையே."

"உங்களுக்கும் அவசரம்னு சொன்னாம்மா. வேற காரணம்னா குழந்தைக்காக டீச்சரே முதல் ஆளா எழுந்திருச்சிருப்பாங்களாம். 'அவங்களாவது போய் முகத்தப் பாக்கட்டும், நம்ம வண்டியிலயே கொண்டு போய் விடுங்க மாமா'ன்னான்."

பெரியவர் அவள் பையை வாங்கிக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"சாவு எந்த வீட்டுலம்மா?"